பதிவேட்டில் ‘வரவில்லை’ என்று இருந்தால்: நீலகிரியில் பள்ளிப் பாகுபாட்டு வழக்குகளை நடத்த ஒரு முழுமையான வழிகாட்டி

கூடலூர், பந்தலூர் பக்கத்துப் பள்ளி வருகைப் பதிவேடுகளைப் பார்த்தால் ஒரு விஷயம் திரும்பத் திரும்பக் கண்ணில் படும். ஒரு பிள்ளையின் பெயருக்கு நேராக ஜூன் முழுக்க வருகை இருக்கும். ஜூலையில் விட்டு விட்டு இருக்கும். ஆகஸ்ட்டில் ஒரு நாள்கூட இருக்காது. அப்புறம் ‘நீண்ட நாள் வராதவர்’, கடைசியில் ‘இடைநின்றவர்’. இந்த வார்த்தைகளைப் படித்தால் யார் மீதும் தப்பு இல்லாத மாதிரி, பிள்ளை தானாகவே நின்றுவிட்ட மாதிரி தெரியும். அந்த முதல் ஆப்சென்ட்டுக்கு முந்தின நாள் பள்ளியில் என்ன நடந்தது என்று கண்டுபிடிப்பதுதான் நம் வேலை.

நான் கூடலூரில் வக்கீல் தொழில் செய்கிறேன். நில வழக்கு, விபத்து இழப்பீடு, குடும்ப வழக்கு எல்லாம் பார்க்கிறேன். மனசு இருப்பது பள்ளியிலிருந்து தள்ளப்பட்ட பிள்ளைகளின் வழக்குகளில். இந்த மலையில் அதற்கு ஆள் போதவில்லை. சட்டம் படித்துவிட்டு ஊர் திரும்பியிருக்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். பழனி மலையில் இருப்பவர்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும். உயர் நீதிமன்றம் போகும்போது மட்டும் ஒரு வேறுபாடு உண்டு, அதை அங்கே சொல்கிறேன்.

முதலில் இந்த மலையைத் தெரிந்துகொள்ளுங்கள்

தமிழ்நாட்டில் மிகவும் நலிவுற்ற பழங்குடிகள் என்று அரசு வகைப்படுத்தியிருக்கும் ஆறு சமூகங்களும் நீலகிரியில் இருக்கின்றன: தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர். பணியர் வீட்டில் பேசுவது மலையாளத்துக்கு நெருக்கமான மொழி. காட்டுநாயக்கர் பேச்சு கன்னடத்துக்கு நெருக்கமானது. ஆறு வயதில் தமிழ் வகுப்பறைக்குள் வரும் பிள்ளைக்கு டீச்சர் சொல்வது பாதி புரியாது. அந்தப் பாதியை ‘மந்தம்’ என்று எழுதிவிடுகிறார்கள்.

அப்புறம் தாயகம் திரும்பியவர்கள். 1964ஆம் ஆண்டு சாஸ்திரி – சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கைத் தோட்டங்களிலிருந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்னும் லைன் வீடுகளில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) இருக்கிறார்கள். பலரிடம் தாத்தாவின் இலங்கைக் காகிதங்களைத் தவிர சாதியை நிரூபிக்க வேறு ஒன்றும் இருக்காது. கூடலூர்ப் பக்கத்தில் ஜென்ம நிலச் சிக்கல் வேறு (ஜென்மம் என்றால் பழைய பரம்பரை நில உரிமை). 1969ஆம் ஆண்டு ஜென்ம ஒழிப்புச் சட்டம் வந்தும் தீராத அந்தத் தகராறால் பட்டா இல்லாத குடும்பங்கள் ஏராளம். பட்டா இல்லையென்றால் முகவரிச் சான்று இழுத்தடிக்கும், அது பள்ளிச் சேர்க்கைவரை வந்து இடிக்கும். இப்போது ஜார்க்கண்ட், அஸ்ஸாம் பக்கமிருந்து கொழுந்து பறிக்க வந்தவர்களின் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

இந்த ஊருக்கும் இந்த வேலைக்கும் பழைய சொந்தம் உண்டு. 1891 டிசம்பர் 1 அன்று அயோத்திதாசப் பண்டிதர் திராவிட மகாஜன சபையின் மாநாட்டை உதகமண்டலத்தில்தான் கூட்டினார். அங்கே நிறைவேற்றிய பத்துத் தீர்மானங்களில் கல்வி பற்றிய கோரிக்கையும் இருந்தது. நீதிமன்றப் படி ஏறும்போது எனக்கு அந்தத் தேதி அடிக்கடி நினைவுக்கு வரும்.

முதல் படி: கறுப்பு அங்கி, அப்புறம் சோறு

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். ஐந்தாண்டோ மூன்றாண்டோ சட்டப் படிப்பு, தமிழ்நாடு – புதுச்சேரி பார் கவுன்சிலில் பதிவு, அதன் பிறகு அகில இந்திய பார் தேர்வு. பதிவுக் கட்டணமாக 750 ரூபாய்க்கு மேல், பட்டியல் சாதி, பழங்குடியினரிடம் 125 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பணம் இல்லையே என்று பயந்து நிற்கும் பிள்ளைகளிடம் இதைச் சொல்லுங்கள்.

முதல் இரண்டு மூன்று வருடம் கிரிமினல் வழக்கு நடத்தும் ஒரு சீனியரிடம் இருங்கள். சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யத் தெரியாமல் உரிமை பேசிப் பயனில்லை. பள்ளி வழக்குகளில் பணம் வராது. அதனால் வேறு வழக்குகளையும் விடாதீர்கள். சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் வக்கீல் பட்டியலில் கண்டிப்பாகப் பெயர் கொடுங்கள். 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவுப்படி குழந்தைகளுக்கும், பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச உதவி உண்டு. ஆக, உங்களிடம் வரும் குடும்பங்களில் அநேகமாக எல்லோருக்கும் உண்டு. 15100 என்ற இலவச சட்ட உதவி எண்ணை உங்கள் மேஜைக்கு மேலேயே ஒட்டி வையுங்கள்.

இரண்டாம் படி: ஆபீசில் உட்காராதீர்கள், காலனிக்குப் போங்கள்

இந்தப் படியைத் தவறவிட்டால் மற்றதெல்லாம் வீண்.

சில வருடங்களுக்கு முன்பு பந்தலூர்ப் பக்கத்தில் ஒரு பணியர் காலனிக்கு நில விவகாரமாகப் போயிருந்தேன். ஜூலை மழை. ஒரு பாட்டி வீட்டுத் திண்ணையில் ஒதுங்கினேன். நாலாம் வகுப்புப் படிக்க வேண்டிய பேத்தி பள்ளி நேரத்தில் வீட்டில் இருந்தாள். “ஏன் போகலை?” என்று கேட்டேன். பாட்டி சட்டென்று சொன்னார்: “அவளுக்குப் படிப்பு ஏறலை வக்கீலம்மா, அதான் நின்னுட்டா.” பள்ளியிலிருந்து சொல்லி அனுப்பிய வாக்கியம் அது. பாட்டி அதை நம்பியிருந்தார்.

அன்று வேறு ஒன்றும் கேட்கவில்லை. மறுவாரம் மறுபடி போனேன். மூன்றாவது தடவை போனபோது அந்தப் பெண் தரையில் குச்சியால் ஒரு வட்டம் போட்டு, நடுவில் ஒரு புள்ளி வைத்தாள். “இது என்ன கண்ணு?” என்றேன். “என் தட்டு” என்றாள். மதிய உணவுக்குப் பள்ளியில் வைத்திருந்த தட்டுகளில் ஐந்து தட்டுகளின் அடியில் நகச்சாயத்தால் சிவப்புப் புள்ளி வைத்திருந்தார்களாம். அந்த ஐந்தும் காலனிப் பிள்ளைகளுக்கு. கழுவித் தனியாகக் கவிழ்க்க வேண்டும். ஒரு நாள் தெரியாமல் மற்ற தட்டுகளோடு அடுக்கிவிட்டாள். “உங்க ஆளுங்க தட்டை அந்தப் பக்கம் வைன்னு எத்தனை தடவை சொல்றது?” என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் முன்னால் சத்தம். அடுத்த நாளிலிருந்து அவள் போகவில்லை.

இது என் ஆபீசுக்கு வந்திருக்காது. பாட்டிக்கு இது வழக்கு என்றே தெரியாது.

போகும்போது சில விஷயங்களைக் கவனியுங்கள். கொழுந்து எடை போட்டு முடிந்து எல்லோரும் வீடு திரும்பும் சாயங்காலம்தான் பேச ஏற்ற நேரம். மூப்பனை (காலனித் தலைவரை) பார்த்து, எதற்கு வந்தோம் என்று முதலில் சொல்லுங்கள். அந்த மொழி தெரிந்த ஒருவர் கூட இருக்கட்டும். ஆதிவாசிச் சங்கங்களில் இருக்கும் ஊழியர்கள் நம்மைவிடப் பல வருடம் முன்னாலேயே அந்த வீடுகளுக்குப் போய் வருபவர்கள், அவர்களிடம் கேளுங்கள். பிள்ளையிடம் “சார் அடிச்சாரா?” என்று கேட்காதீர்கள். “பள்ளிக்கூடத்துல சாப்பாடு எப்படி? யார் பக்கத்துல உட்காருவே?” என்று கேட்டால் போதும். நாம் வாயில் வைத்த வார்த்தையைப் பிள்ளை திருப்பிச் சொன்னால், நாளை நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு அதைத்தான் பிடித்துக்கொள்ளும். பிள்ளையிடம் ஒரு தடவைக்கு மேல் முழுக் கதையையும் கேட்காதீர்கள். வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடவே கூடாது. சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி என எதையும் ஊடகத்தில் வெளியிடக் கூடாது என்கிறது. நல்ல எண்ணத்தில் செய்தாலும் குற்றம்தான்.

மூன்றாம் படி: நடந்ததற்குச் சட்டத்தில் என்ன பெயர்?

ஜூனியர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். கோபத்தில் எல்லாப் பிரிவையும் ஒரே மனுவில் கொட்டிவிடுவார்கள். எந்தச் சம்பவத்துக்கு எந்தச் சட்டம் என்று நிதானமாகப் பாருங்கள்.

கல்வி உரிமைச் சட்டம் 2009இல் வந்தது, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. 6 முதல் 14 வயதுவரை. அடித்தளம் அரசியல் சட்டத்தின் 21-அ பிரிவு. நமக்கு அன்றாடம் உதவுபவை இவை. நலிந்த பிரிவுப் பிள்ளைகளிடம் பாகுபாடு நடக்காமல் பார்ப்பது அரசின் கடமை என்கிறது 8வது பிரிவு, உள்ளாட்சியின் கடமை என்கிறது 9வது பிரிவு. வயதுச் சான்று இல்லை என்று சேர்க்கையை மறுக்கக் கூடாது (14). வருடத்தின் நடுவில் வந்தாலும் மறுக்கக் கூடாது (15). உடல் தண்டனையும் மனத் துன்புறுத்தலும் கூடாது (17). மனத் துன்புறுத்தல் என்ற சொல்லை மறந்துவிடாதீர்கள். சிவப்புப் புள்ளி ஒரு காயத்தையும் விடவில்லை, ஆனால் அது 17இல் அப்படியே வரும். மொழிப் பிரச்சினைக்கு 29ஆம் பிரிவு: இயன்றவரை தாய்மொழியில் கற்பிக்க வேண்டும் என்று சொல்கிறது. அதோடு தொடக்கக் கல்வியில் தாய்மொழி வசதி பற்றிய அரசியல் சட்டத்தின் 350-அ.

நம் மலைக்கென்றே எழுதின மாதிரி ஒரு விதி உண்டு, பலர் பயன்படுத்துவதில்லை. ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்துவரை 1 கிலோமீட்டருக்குள், ஆறு முதல் எட்டுவரை 3 கிலோமீட்டருக்குள் பள்ளி இருக்க வேண்டும் என்பது பொது அளவு. மண்சரிவு, சாலை இல்லாமை, போகிற வழியில் ஆபத்து இருக்கும் இடங்களில் அந்தத் தூரத்தையும் குறைக்க வேண்டும், பள்ளியே இல்லாத சிறு குடியிருப்புகளுக்கு இலவச வாகனம் போன்ற ஏற்பாடு செய்ய வேண்டும் என்று மத்திய அரசின் 2010 விதிகளில் 6ஆம் விதி சொல்கிறது. முதுமலையை ஒட்டிய ஊர்களில் யானை நிற்கும் பாதையில் பிள்ளை நடக்கப் பயந்து நின்றால் பதிவேட்டில் ‘வரவில்லை’ என்றுதான் ஏறும். அந்தப் பிள்ளைக்கு வண்டி கேட்டு மனுப் போடுவதும் பாகுபாட்டு வழக்குதான் என்பது என் கருத்து. மேட்டில் இருக்கும் பிள்ளைக்குப் பள்ளி கிடைக்கிறது, காட்டோரத்துப் பிள்ளைக்குக் கிடைக்கவில்லை. இதற்கு வேறு என்ன பெயர் வைப்பது?

சாதி சொல்லி இழிவுபடுத்தினால் 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். பொதுப் பார்வையில் படும் இடத்தில் இழிவுபடுத்துவது, சாதிப் பெயர் சொல்லித் திட்டுவது இரண்டும் 3(1) பிரிவின் ஆர், எஸ் உட்பிரிவுகளில் வரும். கல்வி நிலையத்துக்குள் நுழையவிடாமல் தடுப்பதும் அதே 3(1)இல் தனிக் குற்றம். ‘பொதுப் பார்வை’ என்ற சொல்லில்தான் வழக்குகள் உடைகின்றன. 2020இல் ஒரு வழக்கிலும், 2025 ஜனவரியில் தமிழ்நாட்டிலிருந்து போன இன்னொரு வழக்கிலும், நாலு சுவருக்குள் வேறு யாரும் இல்லாத இடத்தில் நடந்தது பொதுப் பார்வை ஆகாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதனால் புகாரின் முதல் பத்தியிலேயே எழுதுங்கள்: எந்த இடம், யார் யார் நின்றார்கள், எத்தனை பிள்ளைகள், எந்தப் பெற்றோர் கேட்டார்கள். ஹெட்மாஸ்டர் அறைக்குள் கதவைச் சாத்திவிட்டுத் திட்டியிருந்தால் இந்த உட்பிரிவுகளை நம்பி நிற்காதீர்கள், வேறு வழி பாருங்கள்.

“அந்தப் பிள்ளை என்ன சாதி என்றே எனக்குத் தெரியாது” என்பது வழக்கமான பதில். அதற்கு 2015 திருத்தம் நமக்கு ஒரு கருவி கொடுத்திருக்கிறது. குற்றம் சாட்டப்பட்டவருக்குப் பாதிக்கப்பட்டவரையோ குடும்பத்தையோ நேரடியாகத் தெரியும் என்றால், சாதியும் தெரியும் என்றே நீதிமன்றம் அனுமானிக்கும் (8வது பிரிவு). சேர்க்கைப் பதிவேட்டில் சாதிக் கட்டத்தை நிரப்பியதே அந்தப் பள்ளிதான் என்பதையும் சேர்த்துக் காட்டுங்கள்.

1955ஆம் ஆண்டு குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, தீண்டாமையின் பேரில் பள்ளியில் சேர்க்க மறுப்பதையும், சேர்த்த பிறகு பாகுபாடு காட்டுவதையும் குற்றமாக்குகிறது. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் என்றால், தீண்டாமை காரணமாகத்தான் நடந்தது என்று 12ஆம் பிரிவின்படி நீதிமன்றமே அனுமானிக்கும். லைன் வீட்டுத் தலித் பிள்ளைகளுக்கு இது பெரிய உதவி. அந்த அனுமானம் பழங்குடிப் பிள்ளைக்கு எழுதப்படவில்லை. அதனால் புள்ளி வைத்த தட்டு விவகாரத்தில் நான் இதைவிட 1989 சட்டத்தையும் கல்வி உரிமைச் சட்டத்தையும்தான் நம்பினேன்.

தனியார் பள்ளி என்றால் முதலில் ஒரு கேள்வி: சிறுபான்மைக் கல்வி நிறுவனமா? ஆமாம் என்றால், 2014ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத்தின் பிரமாதி தீர்ப்பின்படி கல்வி உரிமைச் சட்டம் அங்கே செல்லாது. 2025 செப்டம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு அந்தத் தீர்ப்பின் மீது ஐயம் எழுப்பித் தலைமை நீதிபதிக்கு அனுப்பியிருக்கிறது. அது முடிவாகும்வரை பழைய நிலைதான். அங்கேயும் குழந்தையைக் கொடுமைப்படுத்துவது பற்றிய சிறார் நீதிச் சட்டத்தின் 75, வன்கொடுமைச் சட்டம், 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் எல்லாம் செல்லும். மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்குப் பள்ளியின் கடமைகளை அந்தச் சட்டத்தின் 16ஆம் பிரிவு வரிசையாகச் சொல்கிறது. மலைப் பள்ளிகளில் படிக்கட்டு ஏறித்தான் வகுப்புக்குப் போக வேண்டும் என்பதால் இது அடிக்கடி தேவைப்படும்.

நான்காம் படி: காகிதம்

கேஸ் கட்டு இல்லாமல் சி.இ.ஓ. (முதன்மைக் கல்வி அலுவலர்) அலுவலகப் படி ஏறாதீர்கள். சேர்க்கைப் பதிவேட்டுப் பக்கம், வருகைப் பதிவேட்டுப் பக்கங்கள், எமிஸ் எண் (கல்வித் துறையின் கணினிப் பதிவில் மாணவருக்குத் தரும் எண்), உதவித்தொகை விவரம், சத்துணவுப் பதிவு. அரசுப் பள்ளி என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு கேளுங்கள், 30 நாளில் பதில் வர வேண்டும். தனியார் பள்ளி என்றால் கல்வி அலுவலகத்திடம் இருக்கும் அந்தப் பள்ளியின் ஆவணங்களைக் கேளுங்கள். கேள்வி சின்னதாக இருக்கட்டும். “பாகுபாடு நடந்ததா?” என்று கேட்டால் “இல்லை” என்று பதில் வரும். “ஜூலை மாதம் நான்காம் வகுப்பில் தொடர்ந்து பத்து நாள் வராத மாணவர்களின் எண்ணிக்கை, பழங்குடியினர் எத்தனை, மற்றவர் எத்தனை, ஒவ்வொருவருக்கும் எடுத்த நடவடிக்கை” என்று கேளுங்கள். அப்போதுதான் உண்மை வெளியே வரும்.

தட்டு வழக்கில் எனக்குக் கிடைத்த பெரிய சாட்சியம் ஒரு போட்டோ. வேறொரு பிள்ளையின் அம்மா பள்ளி நிகழ்ச்சி ஒன்றில் எடுத்தது. பின்னால் ஜன்னல் ஓரம் தட்டுகள் கவிழ்ந்திருந்தன. பெரிதாக்கிப் பார்த்தால் ஐந்து தட்டு மட்டும் தனியாக, சிவப்புப் புள்ளியோடு தெரிந்தது. இப்படி ஏதாவது கிடைத்தால் அந்த போனைப் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள், மூலக் கோப்பை அழிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். பாரதிய சாட்சிய சட்டம் 63ஆம் பிரிவின்படி மின்னணு ஆவணத்துக்கான சான்றிதழும் அன்றே எழுதி வாங்கிவிடுங்கள். ஆறு மாதம் கழித்துப் போனால் போன் மாறியிருக்கும்.

சாதிச் சான்று பற்றி ஒரு வார்த்தை. பழங்குடியினர் சான்றைத் தமிழ்நாட்டில் 1989 நவம்பர் முதல் கோட்டாட்சியர்தான் தருகிறார், தாசில்தார் இல்லை. காட்டுநாயக்கர் குடும்பங்கள் இதற்காக வருடக்கணக்கில் அலைவதை நீங்கள் பார்ப்பீர்கள். மறுத்தால் வாய்ப்பேச்சோடு திரும்பாதீர்கள், காரணத்தோடு எழுத்தில் மறுப்பு வாங்குங்கள், எதிர்த்துப் போக அது வேண்டும். பள்ளிச் சேர்க்கைக்கு இந்தச் சான்று நிபந்தனை ஆகாது என்பதையும் பெற்றோருக்குச் சொல்லி வையுங்கள். “சான்று கொண்டு வந்தாத்தான் சேர்ப்போம்” என்பதை இங்கே எத்தனையோ பேர் சட்டம் என்று நம்புகிறார்கள்.

டி.சி. (மாற்றுச் சான்றிதழ்) விஷயமும் அப்படித்தான். டி.சி. இல்லை என்று சேர்க்கையை மறுக்கக் கூடாது, கட்டணப் பாக்கி என்று டி.சி.யில் எழுதக் கூடாது என்று 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவும் டி.சி. தாமதம் சேர்க்கையைத் தடுக்காது என்கிறது.

ஐந்தாம் படி: வழக்குக்கு முன்னால் பிள்ளையின் இடம்

என் அனுபவத்தில் இதுதான் அதிகம் தவறுகிற இடம். வழக்கு இரண்டு வருடம் போகும். பிள்ளைக்கு இரண்டு வருடம் என்பது இரண்டு வகுப்பு. ஒரு மாதம் வீட்டில் இருந்தாலே தேயிலைத் தோட்டம் இழுத்துக்கொள்ளும். அதனால் பள்ளிக்கு எழுதும் முதல் கடிதத்தில் மிரட்டல் வேண்டாம். சம்பவம், தேதி, சட்டப் பிரிவு, கேட்கும் பரிகாரம். முதல் பரிகாரம் எப்போதும் ஒன்றுதான்: பிள்ளை திங்கட்கிழமை வகுப்பில் உட்கார வேண்டும்.

கடிதம் ஸ்பீட் போஸ்ட்டில் போகட்டும். ஒரு நகலை நேரில் கொடுத்து முத்திரை வாங்குங்கள். வட்டாரக் கல்வி அலுவலர், முதன்மைக் கல்வி அலுவலர், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு மூவருக்கும் நகல். பள்ளி மேலாண்மைக் குழுவை விட்டுவிடாதீர்கள். அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும் என்பது சட்டம். தட்டு வழக்கில், அந்தப் பள்ளியில் காலனியிலிருந்து ஒருவர்கூடக் குழுவில் இல்லை. அதையே ஒரு குறையாக எழுதினேன். நீதிபதி சந்துரு தலைமையிலான ஒருநபர்க் குழு 2024 ஜூனில் அரசிடம் கொடுத்த அறிக்கையையும் நீங்கள் இணைக்கலாம். 2023இல் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனை உடன் படித்தவர்களே வெட்டிய சம்பவத்துக்குப் பிறகு அமைத்த குழு அது. பள்ளிகளில் சாதி அடையாளங்கள் கூடாது என்று அது சொன்னது கையில் கட்டும் கயிறுக்கு மட்டும்தானா? தட்டின் அடியில் இருக்கும் புள்ளியும் அடையாளம்தான்.

கடிதம் போய் ஒன்பதாவது வேலை நாளில் அவள் வகுப்பில் உட்கார்ந்தாள். பாட்டியும் நானும் வாசல்வரை போனோம். தட்டுகள் எல்லாம் புதிதாக மாற்றப்பட்டிருந்தன.

ஆறாம் படி: எந்தக் கதவு?

கல்வி உரிமைச் சட்டத்தின் 32ஆம் பிரிவுப்படி உள்ளாட்சி அமைப்புக்கு எழுத்தில் புகார் கொடுக்கலாம், மூன்று மாதத்துக்குள் இரு தரப்பையும் கேட்டு முடிவு சொல்ல வேண்டும். திருப்தி இல்லையென்றால் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கு மேல்முறையீடு. இந்த மூன்று மாதக் கெடுவை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். கெடு தாண்டி அவர்கள் மௌனமாக இருப்பதே உயர் நீதிமன்றத்தில் உங்களுக்கு ஒரு காரணமாகும்.

2021ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த தமிழ்நாடு ஆதிதிராவிடர், பழங்குடியினர் மாநில ஆணையம் ஒரு நல்ல கதவு. பழங்குடிப் பிள்ளைகளுக்குத் தேசியப் பழங்குடியினர் ஆணையமும் உண்டு. திங்கட்கிழமைகளில் கலெக்டர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்தையும் குறைவாக எண்ணாதீர்கள். பந்தலூரிலிருந்து ஊட்டிக்குப் போய் வர ஒரு நாள் கூலி போகும் என்பதால், நாலைந்து குடும்பங்களின் மனுக்களைச் சேர்த்து ஒரே நாளில் அழைத்துப் போங்கள். மனு எண் ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள்.

ஏழாம் படி: போலீஸ்

போவதா வேண்டாமா என்பதைக் குடும்பம்தான் முடிவு செய்ய வேண்டும். நான் இரண்டு பக்கத்தையும் சொல்வேன்: போனால் என்ன நடக்கும், போகாவிட்டால் என்ன நடக்கும், எவ்வளவு நாள் ஆகும், யார் வந்து சமாதானம் பேசுவார்கள். அடி, காயம், பாலியல் துன்புறுத்தல் என்றால் மட்டும் யோசிக்கவே கூடாது. பாலியல் குற்றத்தைத் தெரிந்தும் சொல்லாமல் இருப்பது போக்சோ சட்டத்தில் குற்றம். தட்டு வழக்கில் பாட்டி முதலில் “போலீஸ் வேண்டாம் அம்மா, நாளைக்கு அந்த வழியாத்தானே நாங்க நடக்கணும்” என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆணையத்துக்கு மட்டும் போனோம்.

போவதென்று முடிவானால், நிலையத்தில் சி.எஸ்.ஆர். ரசீதோடு (புகார் பெற்றதற்கான ரசீது மட்டும், முதல் தகவல் அறிக்கை இல்லை) திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். அதோடு வந்துவிடாதீர்கள். வன்கொடுமைச் சட்டத்தின் 18-அ பிரிவு, முதல் தகவல் அறிக்கை போடுவதற்கு முன்விசாரணை தேவையில்லை என்கிறது. போட மறுத்தால் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 173(4)இன்படி எஸ்.பி.க்கு எழுத்தில் அனுப்புங்கள், அப்புறம் 175(3)இல் மாஜிஸ்திரேட். விசாரிப்பவர் டி.எஸ்.பி. நிலைக்குக் குறையக் கூடாது. 60 நாளில் விசாரணை முடிய வேண்டும். 15-அ பிரிவில் பாதிக்கப்பட்டவரின் உரிமைகள் வரிசையாக இருக்கின்றன. ஜாமீன் மனுவில் நம் தரப்பைக் கேட்காமல் உத்தரவு போடக் கூடாது என்பது அதில் முக்கியம். 1995 விதிகளில் நிவாரணத் தொகையும், சாட்சிக்குப் பயணப்படியும் உண்டு. கோர்ட்டுக்கு வந்துபோக பஸ் காசு கிடைக்கும் என்று தெரிந்தாலே பாதிச் சாட்சிகள் தைரியமாக வருவார்கள்.

எட்டாம் படி: உயர் நீதிமன்றம்

நீலகிரிக்குச் சென்னை முதன்மை அமர்வு. பழனி மலை, கொடைக்கானல் எல்லாம் திண்டுக்கல் மாவட்டம் என்பதால் மதுரைக் கிளை. நான் சொன்ன வேறுபாடு இதுதான். முன்பெல்லாம் மேட்டுப்பாளையம் இறங்கி நீலகிரி எக்ஸ்பிரஸ் பிடித்து, காலையில் சென்ட்ரலில் முகம் கழுவிக் கோர்ட்டுக்குப் போவோம். இப்போது மின் தாக்கல் இருப்பதால் பயணம் குறைந்திருக்கிறது.

அரசியல் சட்டத்தின் 226ஆம் பிரிவில் ரிட் போடுமுன் அதிகாரிக்கு மனு கொடுத்து, அவர் செய்யவில்லை என்று காட்ட வேண்டும். ஐந்தாம், ஆறாம் படிகளில் வாங்கிய முத்திரைகள் இங்கே உதவும். இடைக்கால நிவாரணத்தில் பிள்ளையை உடனே சேர்க்கக் கேளுங்கள். உத்தரப் பிரதேசத்தின் முசாபர்நகரில் 2023இல் ஒரு முஸ்லிம் மாணவனை மற்ற மாணவர்களைக் கொண்டு டீச்சர் அறையச் செய்த வழக்கில் உச்ச நீதிமன்றம் குற்ற வழக்கோடு மட்டும் நிற்கவில்லை. மூத்த ஐ.பி.எஸ். அதிகாரியின் மேற்பார்வை, அந்தப் பிள்ளைக்கு மனநல ஆலோசனை, வேறு பள்ளியில் படிக்க அரசு ஏற்பாடு என்று உத்தரவிட்டது. நீங்களும் அப்படி விரிவாகக் கேளுங்கள். கேட்காத நிவாரணம் கிடைக்காது. அடித்துவிட்ட மற்ற பிள்ளைகளுக்கும் ஆலோசனை தேவை என்பதை அங்கே நீதிமன்றம் கவனித்தது. நம் மனுக்களில் அது பெரும்பாலும் விட்டுப்போகிறது.

ஒன்பதாம் படி: உத்தரவு வந்த பிறகு

உத்தரவோடு கோப்பைக் கட்டி வைத்துவிடாதீர்கள். திரும்பிப் போன பிள்ளையிடம் யாரும் பேசாமல் இருந்துவிடலாம், கடைசி பெஞ்சுக்கு அனுப்பலாம், ஆண்டு விழாவில் சேர்க்காமல் விடலாம். இதற்கெல்லாம் ரிட் போட முடியாது. மாதம் ஒரு தடவை வீட்டுக்குப் போய் வாருங்கள். 14417 என்ற பள்ளிக் கல்வி உதவி எண்ணையும், 1098ஐயும், வன்கொடுமைக்கான 14566ஐயும் பாட்டியின் ரேஷன் கார்டு உறையில் எழுதி வைத்துவிட்டு வாருங்கள். போன் இல்லாத வீட்டில் அதுதான் தொலையாத இடம்.

அந்தப் பெண் ஐந்தாம் வகுப்பு முடித்து ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்குப் போனாள். புதுப் பள்ளி, புது டீச்சர்கள். நான் ஜூனில் போகவில்லை. ஜூலை கடைசியில், மழை நன்றாகப் பிடித்த பிறகு, பாட்டியோடு போய் அவள் வருகைப் பக்கத்தைக் காட்டச் சொன்னேன். இரண்டு நாள் மட்டும் விடுப்பு. காய்ச்சல் என்று பாட்டி கைநாட்டு வைத்த சீட்டு உள்ளே செருகியிருந்தது.